மனுதாரர்தான் பேசுகிறேன்

என்னிடம் இரண்டு குரல்கள் இருந்தன. ஒன்று என்னுடையது. கொஞ்சம் கீச்சென்று இருக்கும், கோபம் வந்தால் இன்னும் மேலே ஏறும். மற்றது அம்மாவுடையது. நிதானமான குரல், அடித்தொண்டையிலிருந்து வருவது, வார்த்தைக்கு வார்த்தை 'ங்க' போடுவது. அம்மாவுக்குச் சின்ன வயதில் வந்த காய்ச்சலில் காது போய்விட்டது, பேச்சும் அதோடு நின்றுவிட்டது. அதனால் அந்தக் குரலை நான்தான் செய்தேன். போனில் கேட்பவர்களுக்கு இரண்டும் ஒரே தொண்டையிலிருந்து வருகின்றன என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார்கள்.

பள்ளிபாளையத்தில் எங்கள் வீதியில் விடிந்தால் தறிச் சத்தம்தான். அம்மா விசைத்தறிப் பட்டறையில் வேலை செய்தாள். பட்டறைக்குள் ஒரு முறை போய் வந்தவர்களுக்குத் தெரியும், பக்கத்தில் நின்று கத்தினாலும் ஒரு வார்த்தை காதில் விழாது. அதனால் அங்கே எல்லோருமே கையால்தான் பேசுவார்கள். ஒட்டியிருக்கும் இரண்டு விரலைப் பிரித்துக் காட்டினால் இழை அறுந்துவிட்டது. சட்டைப்பை இருக்கும் இடத்தைத் தட்டினால் முதலாளி வருகிறார். உள்ளங்கையைக் குவித்து ஆட்டினால் டீ. காது நன்றாகக் கேட்கிற பெண்கள் இதை வைத்துக்கொண்டு அவசரத்துக்கு நாலு விஷயம் பேசிக்கொள்வார்கள். அம்மா மட்டும் வெளுத்து வாங்குவாள். யார் வீட்டு மருமகள் கோபித்துக்கொண்டு போனாள், எந்தக் கல்யாணத்தில் சாம்பாரில் உப்பு இல்லை, எல்லாம் கையிலேயே வரும். சுற்றியிருப்பவர்கள் தறியை மறந்து அவள் கையையே பார்த்துக்கொண்டு நிற்பார்கள். அவள் கண்டுபிடித்த சாடைகள் கொஞ்ச நாளில் பட்டறைக்கே பொதுவாகிவிடும்.

"உங்கம்மா வாயாடி அம்மணி, அவகிட்ட பேசி ஜெயிக்க முடியாது" என்று பக்கத்துத் தறி அக்கா என்னிடம் ஒரு முறை அலுத்துக்கொண்டாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பட்டறையில் அம்மாவுக்கு ஒரு குறையும் கிடையாது. அங்கிருந்து வெளியே வந்து ஈரோட்டு பஸ்ஸில் ஏறிய பிறகுதான் அவள் காது கேளாதவள் ஆவாள்.

அப்பா லாரி ஓட்டினார். வடக்கே போகிற லோடு, போனால் எப்போது திரும்புவார் என்று சொல்ல முடியாது. வழியில் எங்காவது எஸ்.டி.டி. பூத் கண்ணில் பட்டால் பட்டறை முதலாளி வீட்டுக்குப் போன் போடுவார். முதலாளி வீட்டம்மா பட்டறை வாசலில் வந்து நின்று, கையைக் காதில் வைத்துக் காட்டுவார். அம்மா தறியை நிறுத்திவிட்டு என்னை இழுத்துக்கொண்டு ஓடுவாள். ரிசீவர் என் காதில் இருக்கும். அம்மா என் எதிரே தரையில் உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

ஆரம்பத்தில் நான் ஒழுங்காகத்தான் சொன்னேன், 'அம்மா கேக்கறாங்க', 'அம்மா சொல்றாங்க' என்று. பூத்தில் மீட்டர் ஓடும் அவசரத்தில் அப்பாவுக்கு இந்தச் சுற்றுவழி சரிப்படவில்லை. ஒரு நாள் நேராகவே ஆரம்பித்துவிட்டார்.

"ஏம்புள்ள, சாப்புட்டியா?"

என்னை அவர் கூப்பிடுவது 'சாமி' என்று. 'புள்ள' என்றால் அம்மா. நான் அம்மாவின் கையைப் பார்த்தேன். குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொண்டு, "சாப்ட்டனுங்க. நீங்க நேரத்துக்குச் சாப்புடுங்க. மழையில வண்டிய எடுக்காதீங்க" என்றேன். அப்பா மெதுவாக, "செரி புள்ள" என்றார். அம்மாவின் குரல் பிறந்தது அங்கேதான்.

அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் என் வழியாக நேராகவே பேசிக்கொண்டார்கள். அம்மா கோபித்தால் நானும் கோபித்தேன். அம்மா கோபத்தில் கையை உதறிவிட்டுத் திரும்பிக்கொண்டால் நானும் பேசாமல் இருந்தேன். சில சமயம் அப்பா ஏதோ சொல்ல ஆரம்பித்து, அது சின்னப் பெண்ணின் காதுக்கு ஆகாது என்று நினைவு வந்து, பாதியில் நிறுத்திவிட்டுச் சிரிப்பார். "சாமி, அப்பா சிரிச்சாருன்னு மட்டும் அம்மாகிட்ட சொல்லு" என்பார். நான் சொல்வேன். அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொள்வாள். அந்த முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்குள் ஏதோ இளகிவிடுகிறது.

அப்பா போய்ச் சேர்ந்து சில வருடங்கள் ஆகின்றன. அந்தக் குரலை அம்மா என்றே எடுத்துக்கொண்டு பேசிய முதல் ஆள் அவர். இரண்டாவது ஆள் அரசாங்கம்.

முன்பெல்லாம் ஏதாவது சான்றிதழ் வேண்டுமென்றால் அம்மாவைக் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போவோம். அங்கே அலைக்கழிப்பார்கள்தான், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அம்மாவை நேரில் பார்ப்பார்கள். பார்த்த பிறகு அவளுக்குக் காது கேட்காது என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. பிறகு எல்லாம் ஆன்லைன் ஆனது. இனி அலைய வேண்டாம், வீட்டிலிருந்தபடியே எல்லாம் முடியும் என்றார்கள். நான் கல்யாணமாகித் திருச்செங்கோட்டுக்குப் போயிருந்தேன், அங்கே ஆழ்துளைக் கிணறு போடுகிற ஒரு ரிக் வண்டி ஆபீசில் கம்ப்யூட்டர் வேலை. விண்ணப்பம் ஏற்றுவதெல்லாம் எனக்குக் கைவந்த விஷயம். மொபைல் எண் கேட்ட இடத்திலெல்லாம் என் எண்ணைப் போட்டேன். அம்மாவிடம் அப்போது போனே கிடையாது.

முதல் தடவை சரிபார்க்கக் கூப்பிட்டபோது நான் உண்மையைத்தான் சொன்னேன்.

"மனுதாரர் பேசறீங்களா?"

"அவங்களுக்குக் காது கேக்காதுங்க. நான் மக பேசறேன்."

"மனுதாரர்கிட்டதாம்மா பேசணும். அவங்ககிட்ட போனைக் குடுங்க."

"காது கேக்காதுங்க சார். அதுக்குத்தானே மனுவே போட்டிருக்கோம்."

"பரவால்லம்மா, காதுகிட்ட நல்லா ஒட்டி வெச்சுக் குடுங்க."

நான் ஏதோ சொல்லப்போக, போனை வைத்துவிட்டார். மனுவும் அப்படியே நின்றது. அடுத்த தடவை கூப்பிட்டபோது தொண்டையை இறக்கிக்கொண்டு, "மனுதாரர்தாங்க பேசறேன், சொல்லுங்க" என்றேன். நிமிஷத்தில் வேலை முடிந்தது. அம்மாவிடம் சொன்னபோது விழுந்து விழுந்து சிரித்தாள். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது.

அவர்கள் கூப்பிடும் நேரம் நம் கையில் இல்லை. எடுக்காவிட்டால் மனு முடிந்துபோகும். ஆபீசில் முதலாளி எதிரே நின்றுகொண்டு அம்மாவாகப் பேசியிருக்கிறேன். ஓடும் பஸ்ஸில் பேசியிருக்கிறேன், பக்கத்து சீட்டுக்காரி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். என் மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரியில் வலி எடுத்து விட்டு விட்டு வந்துகொண்டிருந்தபோது கூப்பிட்டார்கள். வேண்டாம், எடுக்காதே என்று அம்மா கையை ஆட்டினாள். நான் எடுத்தேன். "சொல்லுங்க" என்றேன், அம்மாவின் நிதானமான குரலில். எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்லி முடித்துவிட்டுத்தான் கத்தினேன். பிறகு பல நாள் அதை ஒரு வேடிக்கையாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

போன வருடம் புது மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பித்தோம். பழைய அட்டைக்குப் பதிலாக எல்லா இடத்திலும் செல்லுபடியாகும் அட்டை. வழக்கம்போலச் சரிபார்க்கக் கூப்பிட்டார்கள். இந்த முறை ஒரு பெண், மரியாதையாகப் பேசினாள்.

"உங்களுக்கு என்ன குறைபாடுங்க?"

"காது கேக்காதுங்க."

"எப்பருந்துங்க?"

"சின்ன வயசுல காய்ச்சல் வந்துதுங்க, அதுலருந்து."

"சரிங்க. லைன் விட்டு விட்டு வருது. நான் பேசறது கேக்குதுங்களா?"

"நல்லாக் கேக்குதுங்க" என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கு உறைத்தது. அதற்குள் அந்தப் பெண் நன்றி சொல்லி வைத்துவிட்டாள். அந்த வார இறுதியில் இணையதளத்தில் போய்ப் பார்த்தேன். 'மனுதாரர் தொலைபேசியில் தெளிவாகக் கேட்டுப் பதிலளித்தார். தகுதி மறு ஆய்வு செய்யப்படும். அதுவரை பழைய அட்டை நிறுத்தி வைக்கப்படுகிறது.'

அம்மா காய்ச்சலுக்கு முன்னால் கொஞ்சம் பள்ளிக்கூடம் போனவள். எழுத்துக் கூட்டிப் படிப்பாள். திரையில் விரலை வைத்துப் படித்துவிட்டு முதலில் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நெஞ்சைத் தொட்டு, என்னிடம் கையால் கேட்டாள். "அப்ப நான் ஊரை ஏமாத்தறவளா?"

அட்டை போனால் போகிறது என்று அவளால் விட முடியவில்லை. பஸ்ஸில் அந்த அட்டையை நீட்டிப் போய் வந்தவள் அவள். இனி கண்டக்டர் கேட்டால் எதைக் காட்டுவது? அதைவிட, தன் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பொய் எழுதியிருப்பது அவளைத் தூங்கவிடாமல் அரித்தது. அதைத் தானே போய் அழிக்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். புகார் மனு போடும்போது என் எண்ணைப் போடக் கூடாது என்றாள். அப்போது அவளிடம் ஒரு போன் இருந்தது. பழைய பட்டறைத் தோழிகளோடு வீடியோ காலில் கை பேசுவதற்காக வாங்கிக் கொடுத்திருந்தேன். அந்த எண்ணைப் போட்டோம். எனக்குக் காது கேட்காது, எழுதி அனுப்புங்கள் என்று மனுவிலேயே எழுதினோம்.

கூப்பிட்டார்கள். நான் அன்று அம்மா வீட்டில்தான் இருந்தேன். அம்மாவின் உள்ளங்கையில் போன் துடித்தது. அவள் அதைப் பெருமையாக எனக்குக் காட்டினாள், தொடவிடவில்லை. அடித்து ஓயும்வரை இருவரும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். மறுபடி அடித்தது, மறுபடி ஓய்ந்தது. சற்று நேரத்தில் செய்தி வந்தது. 'மனுதாரர் அழைப்பை ஏற்கவில்லை. மனு முடித்து வைக்கப்பட்டது.' போனை எடுத்தால் காது கேட்கிறது, எடுக்காவிட்டால் ஆளே இல்லை. எனக்கு வந்த ஆத்திரத்துக்குப் போனைக் காவிரியில் வீசியிருப்பேன், அது அம்மாவின் போன் என்பதால் தப்பித்தது.

திங்கட்கிழமை மனு நாளில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு நாமக்கல் கலெக்டர் ஆபீசுக்குப் போனேன். மாற்றுத்திறனாளிகள் பிரிவு அதிகாரி ஒரு பெண். கதையைக் கேட்டுச் சிரித்துவிட்டு, உடனே நாக்கைக் கடித்துக்கொண்டார். "மன்னிச்சுக்கோங்க. இதுல சிரிக்க என்ன இருக்கு" என்றார். பிறகு ஒரு புது ஏற்பாட்டைப் பற்றிச் சொன்னார். இனி இணையதளத்திலேயே வீடியோ பொத்தான் வருமாம். அதை அழுத்தினால் சென்னையிலிருந்து சைகை மொழி தெரிந்தவர் திரையில் வருவார், காது கேளாதவர் சொல்வதைக் குரலில் சொல்வார். போன் வேண்டாம், குறுஞ்செய்தி போதும் என்று குறிக்க ஒரு கட்டமும் உண்டு. "இன்னும் சோதனையிலதான் இருக்கு. உங்கம்மாவை வெச்சே ஆரம்பிக்கலாங்களா?" என்று கேட்டார்.

அம்மா திரைக்கு முன்னால் முந்தானையைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தாள். நானும் நாற்காலியை இழுத்தேன்.

"நீங்க அந்தச் சுவரோரம் உக்காருங்கம்மா. மனுதாரர் மட்டும் பேசட்டும்" என்றார் அதிகாரி.

எத்தனையோ முறை கேட்ட சொல்தான். இந்த முறை அது எனக்குச் சுருக்கென்றது. சுவரோரம் போய் உட்கார்ந்தேன்.

திரையில் கறுப்புச் சட்டை போட்ட ஒரு பெண் வந்து கையால் வணக்கம் சொன்னாள், ஏதோ கேட்டாள். அம்மா விழித்தாள். அம்மா பதிலுக்கு ஏதோ சொன்னாள். அந்தப் பெண் விழித்தாள். எனக்கு அப்போதுதான் புரிந்தது. அவள் பேசுவது காது கேளாதோர் பள்ளியில் கற்றுத்தரும் சைகை. அம்மா அந்தப் பள்ளிக்கூட வாசலையே மிதித்ததில்லை. அவளுடையது முழுக்க முழுக்கப் பள்ளிபாளையத்துத் தறிப்பட்டறை பாஷை. அதற்கு இந்த உலகத்தில் இருக்கிற மொழிபெயர்ப்பாளர்கள் நானும், வேலையை விட்டு வீட்டோடு இருக்கிற நாலு பட்டறை அக்காமாரும்தான்.

உள்ளூர எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது, மறைப்பானேன். எழுந்தேன். அம்மா திரும்பாமலே உள்ளங்கையை என் பக்கம் காட்டினாள். உட்கார். அவள் தறியில் வேறு யாராவது கை வைக்கப் போனால் அப்படித்தான் காட்டுவாள்.

அந்தப் பெண்ணும் விடவில்லை. "அம்மாவோட கை வேற மாதிரி இருக்கு மேடம், கொஞ்சம் டைம் குடுங்க" என்று அதிகாரியிடம் சொன்னாள். கண், மூக்கு, தோள் என்று உடம்பு முழுவதையும் வைத்துப் பேசிப் பார்த்தாள். காகிதத்தில் பெரிதாக எழுதிக் காட்டினாள். அம்மா இரண்டு விரலைப் பிரித்துக் காட்டினாள். அந்தப் பெண் தலையைச் சாய்த்தாள். உடனே அம்மா ஒரு முழுத் தறியையே காற்றில் ஓட்டிக் காட்டினாள். இழையைக் கொண்டுபோகும் நாடா இந்தப் பக்கம் ஓடியது, அந்தப் பக்கம் ஓடியது, இழை அறுந்தது, தறி நின்றது. பிறகு கையைக் காதில் வைத்துப் போன் செய்தாள், மறுபடி இரண்டு விரலையும் பிரித்தாள். திரையில் அந்தப் பெண் வாய்விட்டுச் சிரித்து, தன் இரண்டு விரலையும் அதேபோலப் பிரித்துக் காட்டினாள். அதற்குப் பிறகு அவர்கள் பேச்சு வேகம் பிடித்தது.

ஸ்பீக்கரில் ஒரு குரல் வந்தது. மெல்லிய, துல்லியமான, சென்னைக் குரல். "நான்தான் மனுதாரர். எனக்குக் காது கேக்காது. அன்னிக்குப் போன்ல பேசினது என் மக. நான் யாரையும் ஏமாத்தல. அங்க எழுதியிருக்கறத அழிச்சிடுங்க."

அதில் ஒரு 'ங்க'வுக்கு மேல் இல்லை. அம்மா எப்போதுமே இப்படித்தான் பேசியிருக்கிறாள், நேராக, பட்டென்று. இத்தனை பணிவையும் அவளுக்குப் போட்டுவிட்டது நான்தான். அம்மாவின் புடவையை வேறு யாரோ கட்டிக்கொண்டு வந்து நிற்பதுபோல இருந்தது எனக்கு. அந்தப் புடவை அந்தச் சென்னைப் பெண்ணுக்கு நன்றாக இருந்ததுதான் இன்னும் பொறாமையாக இருந்தது.

அதிகாரி எல்லாவற்றையும் குறித்துக்கொண்டார். "நான் எழுதி மேல அனுப்பறேன். சரியானதும் தகவல் வரும். வேற ஏதாவது சொல்லணுமா?" என்றார்.

அம்மா தன் இடது கன்னத்தைக் கிள்ளிக் காட்டினாள். அது நான். எனக்கு அங்கே ஒரு மச்சம் உண்டு.

"எல்லா இடத்துலயும் என் மக நம்பர எடுத்துடுங்க. என் நம்பரப் போடுங்க" என்றது குரல்.

நான் என்ன குறை வைத்தேன்? அதிகாரியும் என்னை ஒரு முறை பார்த்துவிட்டு, "ஏங்க, மக மேல வருத்தமா?" என்று கேட்டார்.

அம்மா நெடுநேரம் கை பேசினாள். நான் அந்தக் கையைத்தான் பார்த்தேன். ஆனால் குரல் எனக்கு ஒரு படி பின்னால் வந்துகொண்டே இருந்தது, இரண்டு முறை கேட்கிற மாதிரி.

"அவளுக்குப் பிரசவ வலி. அப்பப் போன் வந்துது. கத்த வேண்டியவ, சொல்லுங்கன்னா. எனக்குக் கேக்காது. ஆனா வாயைப் பார்த்துட்டே இருந்தேன். அந்த வாயில அவ வலி வரல, என் பேச்சுதான் வந்துது. சின்னக் கொழந்தையிலருந்து அவ வாயை நான் வெச்சிருக்கேன். போதும். அவ வாயை அவகிட்டயே குடுத்துடுங்க."

நான் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதேன். வேடிக்கையாக நான் சொல்லித் திரிந்த கதை அம்மாவுக்கு ஒரு நாளும் வேடிக்கையாக இருந்ததில்லை.

அதற்குப் பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை. பள்ளிபாளையத்து வீட்டில் நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன், அம்மா எதிரே தரையில் பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். ஞாயிறுகூட வேலை செய்கிற யாரோ ஒருவரிடம் பழைய பதிவில் என் எண் மிச்சமிருந்திருக்கிறது. என் போன் அடித்தது.

"மனுதாரர் பேசறீங்களா?"

பழக்கத்தில் தொண்டை தானாகவே கீழே இறங்கியது. அந்தக் குரல் நாக்கு நுனிவரை வந்து நின்றது. அப்பா கேட்ட குரல். அதை இனி எங்கேயும் பேச வேண்டியிருக்காது என்று நினைத்தபோது எனக்குத் தாங்கவில்லை. அம்மா பூண்டை வைத்துவிட்டு, முதலாளி வீட்டில் உட்கார்ந்து பார்த்ததுபோலவே என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்லைங்க" என்றேன், என் கீச்சுக் குரலில். "நான் அவங்க மக. அவங்களுக்குக் காது கேக்காது. அவங்க நம்பருக்கு எழுதி அனுப்புங்க, படிச்சுக்குவாங்க."

"சரிங்க மேடம்" என்று வைத்துவிட்டார். அவ்வளவுதான்.

கொஞ்ச நேரத்தில் அம்மாவின் மடியில் போன் துடித்தது. கையைத் துடைத்துக்கொண்டு எடுத்தாள். விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் படித்தாள். படித்து முடித்தவள் மறுபடி முதலிலிருந்து படித்தாள். பிறகு முந்தானையை எடுத்து வாயை மூடிக்கொண்டாள்.

என்ன என்று நான் கையால் கேட்டேன். எட்டிப் பார்க்கப் போனேன். அவள் போனைத் திருப்பி இடுப்பில் செருகிக்கொண்டாள். நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள்.

"எனக்கு வந்தது" என்றாள்.